டூயல் பூட் லேப்டாப்பில் உபுண்டுவுக்கு இடம் கூட்டிய அனுபவம்

எங்கள் வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 இரண்டும் இருக்கின்றன. விண்டோஸ் பக்கம் என் மனைவியுடையது. டாலியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார். உபுண்டு பக்கம் என்னுடையது. பைத்தான், டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) என்று என் பிழைப்பு அங்கே ஓடுகிறது. உள்ளே இருப்பது 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 476 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அதில் வருவதுதான். உபுண்டு போடும்போது 60 ஜிபி ஒதுக்கினேன். அன்றைக்கு அது தாராளம். டாக்கர் வந்த பிறகு மூச்சு முட்டியது. அப்டேட் போட்டால் டிஸ்க்கில் இடமில்லை என்று பாதியில் நிற்கும். அந்தப் பக்கம் சி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது.

அங்கிருந்து 50 ஜிபி எடுத்து இங்கே கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். எவ்வளவு எடுக்கலாம் என்பதைத்தான் முதலில் யோசிப்போம். ஆனால் அந்த வேலை பத்து நிமிட வேலையா, நாள் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய வேலையா என்பதை முடிவு செய்வது வேறு ஒன்று: காலி இடம் உங்கள் பார்ட்டிஷனுக்கு வலப்பக்கம் இருக்கிறதா, இடப்பக்கம் இருக்கிறதா. இதைத் தெளிவாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் தொடர்ச்சியாக இருக்கும் ஒரு நீளம். இந்த செக்டாரில் (டிஸ்க்கின் ஒரு சிறு கட்டத்தில்) தொடங்குகிறது, அந்த செக்டாரில் முடிகிறது என்று இரண்டு எண்கள் பார்ட்டிஷன் டேபிளில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) தன் கணக்கு முழுவதையும் அந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணித்தான் வைத்திருக்கிறது. எனவே வலப்பக்கம், அதாவது முடியும் எண்ணுக்கு அப்பால், காலி இடம் இருந்தால், முடியும் எண்ணை மாற்றிவிட்டு ஃபைல் சிஸ்டத்திடம் இனி இவ்வளவு தூரம் உனக்கு என்று சொன்னால் போதும். உள்ளே இருக்கும் டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். உபுண்டுவின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி வளர்ந்துகொள்ளும், ரீபூட்கூட வேண்டாம்.

இடப்பக்கம் என்றால் கதை வேறு. தொடக்கமே மாறுகிறது. தொடக்கத்திலிருந்து எண்ணிய எல்லாமும் அதே வரிசையில் இடப்பக்கம் நகர வேண்டும். 60 ஜிபி பார்ட்டிஷன் என்றால் அதை முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை படித்து, 50 ஜிபி முன்னே தள்ளி எழுத வேண்டும். நகர்த்தும் தூரம் பார்ட்டிஷனின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால், சற்று முன் படித்த இடத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். நடுவில் கரண்ட் போனால் பழைய பிரதியும் முழுசாக இராது, புதியதும் முழுசாக இராது.

டூயல் பூட்டில் பெரும்பாலும் நமக்கு வாய்ப்பது இந்த இடப்பக்கம்தான். விண்டோஸ் முன்பே இருக்கும், சி டிரைவின் வாலைச் சுருக்கித்தான் லினக்ஸ் போட்டிருப்போம். பிறகு மறுபடி சி-யைச் சுருக்கினால் காலி இடம் சி-க்குப் பின்னால், லினக்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும். சி டிரைவைத் தலைப்பக்கம் சுருக்குவதால் பயன் இல்லை, அது விண்டோஸ் பூட் ஆவதையே கெடுக்கக்கூடியது. ஆக லினக்ஸின் இடது ஓரத்தைத்தான் நகர்த்தியாக வேண்டும்.

என் லேப்டாப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து வரிசையைப் பார்த்தேன். முதலில் ஒரு ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் கெட்டால் ரிப்பேர் செய்ய உதவுவது), பிறகு 100 எம்பி இஎஃப்ஐ (கணினி பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் இருப்பது), பிறகு சி, அதன் பின் ஐந்நூற்றுச் சொச்சம் எம்பியில் இன்னொரு ரெகவரி, கடைசியில் உபுண்டு. (16 எம்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைக்கும் ஒரு பார்ட்டிஷனும் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, ஜிபார்ட்டட் என்ற லினக்ஸ் பார்ட்டிஷன் கருவி காட்டும்.) இரண்டாவது ரெகவரியை நான் உருவாக்கவில்லை. விண்டோஸின் பெரிய அப்டேட் வரும்போது பழைய ரெகவரி பார்ட்டிஷன் போதாது என்று தெரிந்தால், அதுவே சி-யின் கடைசியில் கொஞ்சம் நறுக்கி அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். உபுண்டு போட்ட பிறகு அது வந்ததால் அதன் எண் 6, உபுண்டுவின் எண் 5. டிஸ்க்கில் இருக்கும் வரிசையில் 6 முன்னால், 5 பின்னால். பார்ட்டிஷன் எண்ணைப் பார்த்து எது எதற்குப் பக்கத்தில் என்று முடிவு செய்யவே கூடாது. ஜிபார்ட்டட் மேலே வரைந்து காட்டும் பட்டையைப் பாருங்கள், அதுதான் உண்மையான வரிசை.

பார்ட்டிஷனைத் தொடும் முன் இடம் உண்மையிலேயே தேவையா என்று பார்த்துவிட வேண்டும். என் விஷயத்தில் பாதி இடத்தை டாக்கரின் பழைய இமேஜ்கள் அடைத்திருந்தன. அவற்றை நீக்கினேன். உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கி வைத்த பழைய பேக்கேஜ்கள், சிஸ்டம் ஜர்னல், ஸ்னாப்பின் முந்தைய பதிப்புகள், பழைய கெர்னல்கள் (சிஸ்டத்தின் மையப் பகுதி) என்று சில ஜிபி கிடைத்தது. இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை முழு அதிகாரம் உள்ள ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 60 ஜிபியில் அது 3 ஜிபி. அதை நான் குறைக்கவில்லை. டிஸ்க் முழுசாக நிரம்பினாலும் ரூட்டாக உள்ளே போய்ச் சரி செய்ய அந்த இடம்தான் கை கொடுக்கும். இவ்வளவு சுத்தம் செய்தும் ஒரு மாத வேலைக்கு மேல் தாங்காது என்று தெரிந்தது. அதனால்தான் இறங்கினேன்.

பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எதை எடுத்தோம், அது திறக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாலி டேட்டாவை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு எடுத்து, மாமனார் வீட்டுக் கணினியில் ரீஸ்டோர் செய்து, கம்பெனிகள் திறக்கின்றனவா, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று மனைவியே பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்த அடி வைத்தேன். இன்னொருவரின் கணக்கு அது. அதில் என் திருப்தி போதாது. உபுண்டு பக்கம் ஹோம் ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கட்டளை மூலம் அதே டிரைவுக்குப் பிரதி எடுத்தேன். பிறகு குளோன்ஸில்லா என்ற மென்பொருளால் உபுண்டு பார்ட்டிஷன் முழுவதையும் ஒரு இமேஜாக (அச்சு அசலான பிரதியாக) எடுத்தேன். நகர்த்தப் போவது அதைத்தான் என்பதால் அப்படியே திரும்ப வைக்கக்கூடிய பிரதி வேண்டும்.

பார்ட்டிஷன் டேபிளையும் எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளை மூலம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி பென்டிரைவில் வைத்தேன். எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கும், டேட்டா எதுவும் இராது. ஆனாலும் தவறி ஒரு பார்ட்டிஷன் டேபிளிலிருந்து அழிந்துவிட்டால் அந்தச் சிறிய ஃபைல் நொடியில் மீட்டுக் கொடுக்கும். அது இல்லாதவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கைத் துழாவி, தொலைந்த பார்ட்டிஷன்களின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துத் தரும். இரண்டுமே டேபிள் மட்டும் கெட்ட நிலைக்குத்தான். பாதி நகர்ந்து நின்றுபோன பார்ட்டிஷனுக்கு இவை உதவா. அதற்கு இமேஜ் ஒன்றுதான் வழி. கூடவே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையையும் ஜிபார்ட்டட் திரையையும் மொபைலில் படம் எடுத்து வைத்தேன்.

விண்டோஸ் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர். ஹோம் எடிஷனில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும். நாமாக ஆன் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த பல புது லேப்டாப்புகளில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பூட் முறையில் ஏதாவது மாறியதாக அது உணர்ந்தால் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும். என் லேப்டாப்பில் அது ஆஃப் ஆகவே இருந்தது. பக்கத்துத் தெரு நண்பரின் லேப்டாப்பில் இருந்ததை அவர் அன்றுதான் அறிந்தார்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுசாக அணைவதில்லை. கெர்னலை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் சி டிரைவின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் இன்னும் விண்டோஸின் கையில்தான் இருக்கிறது. லினக்ஸிலிருந்து அதில் எழுதினால் கெடும். அதனால்தான் லினக்ஸ் அதை வெறும் படிக்க மட்டும் திறக்கிறது அல்லது திறக்கவே மறுக்கிறது. ஜிபார்ட்டட்டில் சி-க்கு மேல் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனை நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும். டூயல் பூட் வைத்திருப்பவர்கள் இதை நிரந்தரமாகவே ஆஃப் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. எஸ்எஸ்டி இருக்கும்போது அது மிச்சப்படுத்தும் நேரம் மிகக் குறைவு.

பிறகு சி டிரைவுக்குப் பிழை பார்க்கும் செக்டிஸ்க் ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை. சி-யைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்தேன். ஜிபார்ட்டட்டாலும் முடியும். ஆனால் என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்தப் பொருள், அதைச் சுருக்கும் பொறுப்பை அதற்கே விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அங்கே ஒரு தடங்கல். 200 ஜிபிக்கு மேல் காலி இருந்தும், சுருக்கக்கூடியது வெறும் 9 ஜிபி என்று காட்டியது. இதைப் பார்த்துத்தான் பலர் ஏதேதோ மென்பொருளைத் தேடி இறக்குகிறார்கள். காரணம் எளியது. விண்டோஸ் ஓடும்போது நகர்த்த முடியாத ஃபைல்கள் சில உண்டு: பேஜ்ஃபைல் (ரேம் போதாதபோது உதவுவது), ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட்டுகள் (முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை). இவற்றில் ஒன்று டிரைவின் பின்பகுதியில் உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி உள்ளே சுருக்க முடியாது. எந்த ஃபைல் தடுக்கிறது என்பதையும் விண்டோஸ் எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால் அந்த ஃபைலின் பெயர் இருக்கும். எனக்கு அது ரீஸ்டோர் பாயின்ட் சார்ந்த ஃபைலாக இருந்தது. சிஸ்டம் புரொடெக்ஷனை ஆஃப் செய்தேன். இதனால் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் எல்லாம் போய்விடும், தெரிந்தே செய்ய வேண்டும். பேஜ்ஃபைலையும் இல்லை என்று வைத்து ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். இப்போது 150 ஜிபிக்கு மேல் சுருக்கலாம் என்றது. சுருக்கி முடித்ததும் பேஜ்ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் இரண்டையும் திரும்ப ஆன் செய்தேன். இதை மறந்துவிட்டால் ரேம் நிரம்பும்போது விண்டோஸ் திணறும்.

அளவை அங்கே எம்பியில் கேட்கும். உபுண்டுவுக்கு 50 ஜிபியும், ரெகவரிக்குக் கொஞ்சமும் சேர்த்து 51 ஜிபி, அதாவது 52224 என்று கொடுத்தேன்.

ரெகவரிக்கு ஏன் சேர்த்தேன் என்றால், 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட் பலருடைய கணினியில் ஏறவே இல்லை. ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதாததுதான் காரணம். அதை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை வெளியிட்டது. எப்படியும் அந்தப் பார்ட்டிஷனை நகர்த்தப் போகிறோம், அப்படியே 1 ஜிபியாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ரெகவரி பார்ட்டிஷனை நகர்த்தும் முன் அதை விண்டோஸின் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். ரீஏஜென்ட்சி என்ற கட்டளை அதற்கு. டிசேபிள் கொடுத்தால் ரெகவரி இமேஜ் சி டிரைவுக்குள் இருக்கும் ரெகவரி ஃபோல்டருக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் எனேபிள் கொடுத்தால் திரும்பப் பார்ட்டிஷனுக்குப் போய்ச் சேரும். இதைச் செய்யாமல் நகர்த்தினால் விண்டோஸ் என்னவோ ஓடும். ஆனால் ஒருநாள் அது கெட்டு, ரிப்பேர் செய்யப் போகும்போது ரெகவரி திரையே வராமல் போகலாம். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

இனி லைவ் பென்டிரைவ், அதாவது நிறுவாமலே நேராக ஓடும் சிஸ்டம் உள்ள பென்டிரைவ். ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவின் இடது ஓரத்தை உபுண்டுவுக்குள் இருந்தே நகர்த்த முடியாது. வெளியிலிருந்து பூட் ஆக வேண்டும். நான் ஜிபார்ட்டட் லைவ் இமேஜை இறக்கி ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதினேன். பழைய பென்டிரைவ் ஒன்று மேஜையில் கிடக்கிறதே என்று அதையே பயன்படுத்த வேண்டாம், புதிய பதிப்பையே இறக்குங்கள். இஎக்ஸ்டி4-இல் புதிது புதிதாக வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. புது உபுண்டு உருவாக்கிய ஃபைல் சிஸ்டத்தைப் பழைய கருவிகள் தெரியாது என்று கைவிரித்துவிடும்.

மின்சாரம் பற்றிச் சொல்ல வேண்டும். லேப்டாப் என்பதால் எனக்குப் பயம் குறைவு. பேட்டரி முழுசாக ஏறியிருந்தது, சார்ஜரும் போட்டிருந்தேன். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இடது ஓரத்தைத் தொடவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். உங்கள் வீட்டில் எப்படி என்று முன்பே ஒருமுறை மெயினை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், அதையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். லைவ் திரையில் தானாக உறங்கப் போகும் அமைப்பை ஆஃப் செய்வதும், லேப்டாப் மூடியை யாரும் மூடாமல் பார்த்துக்கொள்வதும் இதே கணக்கில் சேரும். நான் ஒரு காகிதத்தில் ‘மூடாதே’ என்று எழுதிக் கீபோர்டின் மேல் வைத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜிபார்ட்டட் திறந்ததும் பட்டையில் சி-க்கும் ரெகவரிக்கும் நடுவே 51 ஜிபி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ரெகவரியைத் தேர்ந்து, இடப்பக்கம் சி-யோடு ஒட்டி நகர்த்தி, அளவை 1024 எம்பி ஆக்கினேன். சாம்பல் நிறம் இப்போது உபுண்டுவுக்கு இடது ஓரமாக வந்து சேர்ந்தது. உபுண்டுவைத் தேர்ந்து அதன் இடது ஓரத்தை அந்தக் காலி இடம் முடியும் வரை இழுத்தேன். அலைன்மென்ட் எம்ஐபி என்றே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். இதுவரை டிஸ்க்கில் எதுவும் நடக்கவில்லை. ஜிபார்ட்டட் எல்லாவற்றையும் கீழே வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அப்ளை கொடுத்தால்தான் தொடங்கும். எனவே அந்தப் பட்டியலை நிதானமாக, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மொபைலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டேன்.

பார்ட்டிஷன் பெயருக்குப் பக்கத்தில் பூட்டு அல்லது சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். அன்மவுன்ட் செய்தால் போய்விடும். பழைய உபுண்டுவில் ஸ்வாப்புக்கென்று (ரேம் நிரம்பினால் பயன்படும் இடம்) தனிப் பார்ட்டிஷன் இருக்கும். லைவில் பூட் ஆனதும் அது தானாகவே பயன்பாட்டுக்கு வந்துவிடுவது உண்டு. அதைத் தேர்ந்து ஸ்வாப்ஆஃப் கொடுக்க வேண்டும். 17.04 முதல் உபுண்டு ஸ்வாப்பை ஒரு ஃபைலாகவே வைத்துக்கொள்கிறது. அதனால் என்னிடம் அந்தத் தொல்லை இல்லை.

இடது ஓரத்தை நகர்த்தும்போது, இதனால் உங்கள் சிஸ்டம் பூட் ஆகாமல் போகக்கூடும் என்று ஜிபார்ட்டட் எச்சரிக்கும். வெற்று மிரட்டல் இல்லை அது, ஆனால் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய கணினியில் பயப்படத் தேவை குறைவு. அங்கே எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவான கிரப் தன் பார்ட்டிஷனை யூயூஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத் தேடுகிறது. நகர்த்தினாலும் பெரிதாக்கினாலும் அந்த எண் மாறாது. புதிதாக ஃபார்மேட் செய்தால்தான் மாறும்.

அப்ளை கொடுத்தேன். முதலில் ஃபைல் சிஸ்டத்தைப் பரிசோதித்தது, பிறகு நகர்த்தியது, கடைசியில் வளர்த்தது. எஸ்எஸ்டி என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இதே வேலை மணிக்கணக்கில் போகும். ஒரே டிஸ்க்கில் ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் எழுத, ஹெட் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டை அசையவில்லை, தொங்கிவிட்டது போலிருக்கிறது என்று பவர் பட்டனை அழுத்துவதுதான் இதில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம். டிஸ்க்கின் விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் வேலை நடக்கிறது, எழுந்து போய்ச் சாப்பிடலாம். முடிந்ததும் விவரங்களை ஒரு ஃபைலாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. எல்லாம் நல்லபடி முடிந்தாலும் அதைச் சேமித்து வையுங்கள்.

ரீபூட் ஆனதும் கிரப் வழக்கம்போல வந்தது. உபுண்டு பார்ட்டிஷன் 110 ஜிபி காட்டியது. விண்டோஸுக்குள் போய் ரீஏஜென்ட்சியில் எனேபிள் கொடுத்து, பிறகு இன்ஃபோ கொடுத்துப் பார்த்தேன். ரெகவரி புது இடத்தில் இயங்குகிறது என்றது. ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து அந்த நீலத் திரை வருவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டேன். மனைவி டாலியைத் திறந்து ஒரு பில் போட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் வேலை முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதே வேலையைப் பழைய கணினியில் செய்யப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாட்டில் பலர் டூயல் பூட்டை முதன்முதலில் பார்த்ததே 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில்தான். விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்தக் காலத்துக் கணினிகளில் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் டேபிள் முறை சாதாரணம். அதில் பிரைமரி பார்ட்டிஷன் 4-க்கு மேல் வைக்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் எக்ஸ்டெண்டட் என்ற ஒன்றுக்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக வைக்க வேண்டும். லினக்ஸ் அந்த லாஜிக்கலில் இருந்தால், முதலில் எக்ஸ்டெண்டட்டின் இடது ஓரத்தை நகர்த்தி, அதன் பிறகுதான் உள்ளே இருப்பதை நகர்த்த முடியும். பலர் இங்கேதான் காலி இடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை என்று தவிக்கிறார்கள். லாஜிக்கல் ஒன்றை அழித்தால் அதற்குப் பின்னால் இருப்பவற்றின் எண்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துவிடும். 6-ஆக இருந்தது 5 ஆகிவிடும். கிரப் பழைய எண்ணைத் தேடிப் போய், கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரையில் நிற்கும்.

என் சித்தப்பா மகனின் பழைய லேப்டாப்பில் இதைச் சரி செய்திருக்கிறேன். அந்தத் திரையில் எல்எஸ் கொடுத்தால் இருக்கும் பார்ட்டிஷன்கள் எல்லாம் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, கிரப் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ரூட்டையும் பிரிஃபிக்ஸையும் அதற்கு மாற்றி, நார்மல் மாட்யூலை ஏற்றினால் பழைய மெனு வந்துவிடும். அது அந்த ஒருமுறைக்கு மட்டும். லினக்ஸ் உள்ளே போனதும் கிரப்பைத் திரும்ப நிறுவினால்தான் நிரந்தரம். டேட்டா எதுவும் போயிருக்காது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறிப்போய் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நண்பர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இடது ஓரத்தை நகர்த்தாத வழியைத்தான். சி-யைச் சுருக்கிக் கிடைத்த இடத்தில் இஎக்ஸ்டி4-ஆகப் புதிய பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்குங்கள். ஹோம் ஃபோல்டரையோ, டாக்கர் தன் டேட்டாவை வைக்கும் ஃபோல்டரையோ அங்கே ஆர்சிங்க் மூலம் பிரதி எடுத்து, புதிய பார்ட்டிஷனின் யூயூஐடியை எஃப்எஸ்டாப் ஃபைலில் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணைய வேண்டும் என்று சொல்வது) எழுதி அந்த ஃபோல்டரின் இடத்திலேயே மவுன்ட் செய்யுங்கள். இருக்கும் எந்தப் பார்ட்டிஷனும் நகராது, நடுவில் இருக்கும் ரெகவரியும் தடையில்லை. கரண்ட் போனாலும் பிரதி எடுப்பதுதான் பாதியில் நிற்கும், மூலம் அப்படியே இருக்கும். பழையதை அழிப்பதற்கு ஒரு வாரம் காத்திருக்கலாம். இடம் எதனால் நிரம்புகிறது என்று ஒரே ஒரு ஃபோல்டரைக் கைகாட்ட முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. என் தேவை சிஸ்டம் இருக்கும் ரூட், ஹோம் இரண்டுக்கும் இருந்தது, முழு இமேஜும் பேட்டரியும் கையில் இருந்தன. அதனால்தான் நகர்த்தினேன்.

புதிதாக டூயல் பூட் போடப் போகிறவர்கள் விண்டோஸின் சி-யை முதலிலேயே நன்றாகச் சுருக்கிவிடலாம். கிடைத்த இடத்தில் லினக்ஸை இடது முனையில் வைத்து, அதற்கு வலப்பக்கம் 50, 60 ஜிபியைக் காலியாகவே விட்டு வைக்கலாம். தேவைப்படும் நாளில் வலது ஓரத்தைத் தள்ளினால் போதும். காலி இடம் வீணாகிறதே என்று அங்கே உடனே எதையாவது உருவாக்கிவிடாதீர்கள். இஎக்ஸ்டி4-க்குப் பதில் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் பின்னால் சுருக்குவதும் ஓடும்போதே முடியும். எக்ஸ்எஃப்எஸ் போட்டால் பெரிதாக்கலாம், சுருக்கவே முடியாது. இன்ஸ்டாலரில் ஃபைல் சிஸ்டம் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு திரையில் இதை நினைவில் வையுங்கள்.

என் லேப்டாப்பில் சி-யில் இன்னும் 150 ஜிபிக்கு மேல் காலி இருக்கிறது. அதைத் தொடுவதாக இல்லை. விண்டோஸுக்கும் இடம் வேண்டும், டாலி டேட்டாவும் வருடா வருடம் வளர்கிறது. கீழ்மூடியைத் திறந்து பார்த்ததில் எம்.2 ஸ்லாட் இன்னொன்று காலியாக இருக்கிறது. 110 ஜிபியும் போதாமல் போனால் அதில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு உபுண்டுவை அங்கே கொண்டு போய்விடுவேன். அப்போது அந்த டிஸ்க்கிலேயே தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி கிரப்பை அதில் வைக்க வேண்டும். உபுண்டு இன்ஸ்டாலர் முதல் டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ-யிலேயே அதைப் போட்டுவிடுவது உண்டு. அதனால் இன்ஸ்டால் முடியும் வரை பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.